மங்கா, மன்ஹ்வா பழைய தொகுதிகள்: எந்த அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மஞ்சளாவதை நிறுத்த முடியுமா?

மூன்றாம்கட்டம் எழுதியது:

சின்ன வயதிலிருந்து சேர்ந்த ஆசிய காமிக்ஸ் எல்லாவற்றையும் இப்போதுதான் பட்டியல் போட்டு அடுக்குகிறேன். ஜப்பானிய மொழி மங்காத் தொகுதிகள், சிலவற்றின் ஆங்கிலப் பதிப்புகள், கொஞ்சம் கொரிய மன்ஹ்வா, ஒரு பெட்டி ஹாங்காங் வார இதழ்கள் என்று கலவையாக இருக்கிறது. ஜப்பானிய எழுத்து படிக்க வராது. எது முதல் அச்சு, எது மறு அச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல புத்தகங்களின் ஓரம் பழுப்பேறிவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள், செய்யலாமா? விட்டுப்போன தொகுதிகளைத் தனித்தனியாகத் தேடி வாங்குவதா, பெரிய அளவுப் பதிப்பாக மொத்தமாக மாற்றிக்கொள்வதா என்றும் குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

நண்பரே, அச்சு விவரத்தை முன்பக்கத்தில் தேடாதீர்கள். ஜப்பானியப் புத்தகத்தில் அது கதை முடிந்தபின் வரும் கடைசித் தாள்களில் இருக்கும். ஓகுசுகே என்பார்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு தேதி வரிகள் இருக்கும். மேல்வரி முதல் அச்சு வந்த நாள், கீழ்வரி உங்கள் கையில் இருக்கும் பிரதி அச்சான நாளும் அது எத்தனையாவது அச்சு என்பதும். ஒரே வரி மட்டும் இருந்து அதில் எண் 1 என்றிருந்தால் முதல் அச்சு. சில விற்பனையாளர்கள் மேல்வரியை மட்டும் படமெடுத்துப் போட்டு "முதல் அச்சு" என்று விற்பார்கள். முழுப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பிரதிகளில் எண்கள் சீன எழுத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை பத்து எழுத்துகள் பழகிவிட்டால் போதும், வேறு ஜப்பானிய அறிவு தேவையில்லை. ஆண்டு அரசர் காலக் கணக்கில் இருந்தால் ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988, ரெய்வா ஆண்டோடு 2018 கூட்டுங்கள். ஷோவா 60 என்றால் 1985. தைவான் பதிப்பில் மின்குவோ ஆண்டு இருந்தால் 1911 கூட்ட வேண்டும். தாய்லாந்துப் பதிப்பில் பௌத்த ஆண்டு இருக்கும், அதில் 543 கழிக்க வேண்டும்: 2535 என்றால் 1992.

அடுத்து மேலுறை. புத்தகம் ஒரு அச்சு, மேல் சுற்றியிருக்கும் உறை வேறொரு அச்சு என்று மாறிப்போன பிரதிகள் சந்தையில் நிறைய. கிழிந்த உறைக்குப் பதில் வேறு பிரதியின் உறையைப் போட்டு விற்பது சகஜம். இதைப் பிடிக்க விலை அச்சிட்ட இடத்தைப் பாருங்கள். ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாக வந்தது, 1997இல் 5, 2014இல் 8, 2019 அக்டோபரில் 10 ஆனது. உறையில் 390 யென், வரி நீங்கலாக 379 என்று இருந்தால் அது 3 சதவீதக் காலத்து உறை. 410 யென், வரி நீங்கலாக 390 என்றால் 5 சதவீதக் காலம். வரிப் பேச்சே இல்லாமல் ஒற்றை விலை இருந்தால் 1989க்கு முந்தையதாக இருக்கலாம். ஐஎஸ்பிஎன் என்று எழுத்தில் குறித்த புத்தக அடையாள எண் 13 இலக்கமாக, 978இல் தொடங்கினால் அந்த உறை ஏறத்தாழ 2007க்குப் பிறகு அச்சானது. 1986ஆம் ஆண்டு முதல் அச்சுக்குள் 13 இலக்க உறை சுற்றியிருந்தால், உறை பிற்பாடு வந்து சேர்ந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆங்கிலப் பதிப்புகளில் பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண். வரிசை 4இல் முடிந்தால் நான்காம் அச்சு.

முதல் அச்சு என்றாலே மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தொடர் ஓடுமா ஓடாதா என்று தெரியாத காலத்தில் வந்த 1ஆம் தொகுதியின் முதல் அச்சுதான் அரிது. புகழ் வந்தபின் நிலைமை தலைகீழ். 'ஒன் பீஸ்' 67ஆம் தொகுதி 2012இல் முதல் அச்சிலேயே 40.5 லட்சம் பிரதி போட்டார்கள். அதைப் போய் அரிய பிரதி என்று யாராவது விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதே முதல் அச்சில் ஓபி என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்தால் மட்டும் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். பலர் படித்ததும் தூக்கிப் போட்டுவிடுவதால் பட்டையோடு கிடைப்பது குறைவு.

---

தாள்மணம் எழுதியது:

உப்புத்தாளைக் கீழே வையுங்கள் ஜி. முதலில் பழுப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் பிரிக்கப்படாமல் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், கூடவே அமிலமும் பெருகும். அதனால்தான் ஓரம் முதலில் கருக்கிறது, நடுப்பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. வார இதழ்த் தாள் இன்னும் மோசம். நானூறு ஐந்நூறு பக்கம் கொண்ட பி5 அளவு இதழ்கள் படித்துவிட்டுத் தூக்கிப்போடவே அச்சடிக்கப்பட்டவை, அவற்றைத் தொகுதிகளோடு ஒட்டி வைத்தால் அமிலம் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். தனிப் பெட்டியில் வையுங்கள்.

ஓரத்தைத் தேய்ப்பது ஜப்பானியப் பழைய புத்தகக் கடைகளில் இயந்திரம் வைத்தே செய்யும் வேலைதான். தேய்த்த புத்தகம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குள்ளமாகும், மேலுறை அந்த அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், ஓரம் விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். ஓரம் வரை படம் ஓடும் பக்கங்களில் படமும் போகும். பழுப்பும் திரும்ப வரும், காரணம் தாளுக்குள் அப்படியே இருக்கிறது. படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் பிரதி என்றால் இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி 240ஆம் எண் தாளில் லேசாகத் தொடங்கி 400இல் முடிக்கலாம். முதல் அச்சு, அரிய பிரதி எதையும் தொடவே கூடாது.

செய்ய வேண்டியது வேறு. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். 40 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். 35க்குக் கீழே போனால் உறை சுருளும், முதுகுப் பசை விறைத்து வெடிக்கும். சிலிக்கா ஜெல்லை அள்ளிக் கொட்டுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. எத்தனை கிராம் போட்டோம் என்பதை விட மானி என்ன காட்டுகிறது என்பதே கணக்கு.

முதுகு வெளிறுவதற்கு வெயில் நேரடியாகப் பட வேண்டும் என்றில்லை, ஜன்னல் வெளிச்சமே போதும். சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். ஒரு தொடரில் சில முதுகுகள் மட்டும் நீலம் பாய்ந்து தெரிந்தால் காரணம் அதுதான். வெளிறியது திரும்பாது.

புத்தகத்தின் மேல் போடும் பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். பிவிசி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கி மேலுறையின் மையை ஒட்டி உரித்துவிடும். அளவு முக்கியம். ஷோனென் (சிறுவர்), ஷோஜோ (சிறுமியர்) தொகுதிகள் பெரும்பாலும் 11.3 × 17.6 செ.மீ. பெரியவர்களுக்கான தொடர்கள் பி6, அதாவது 12.8 × 18.2. புன்கோ என்ற கையடக்கப் பதிப்பு ஏ6, 10.5 × 14.8. கான்ஸென்பான் என்ற பெரிய அளவு முழுமைப் பதிப்பு பெரும்பாலும் ஏ5, 14.8 × 21. உறையை இறுக்கமாகப் போட்டால் அட்டை வில்போல் வளையும், ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். ஓபிப் பட்டை உறைக்கு உள்ளே போக வேண்டும்.

ராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைக் காற்றில்லாமல் பையில் அடைத்து மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும், பூச்சி செத்தும் புத்தகம் நனைந்தும் போகும். அந்துருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சி போகாவிட்டாலும் நாற்றம் போகவே போகாது.

விலை ஒட்டியை நகத்தால் சுரண்டாதீர்கள். முடி உலர்த்தியில் மிதமான சூடு காட்டி ஒரு மூலையிலிருந்து தாழ்வாக இழுங்கள். மிஞ்சும் பிசினுக்கு லைட்டர் திரவம் தொட்ட பஞ்சு, அதுவும் பளபள பூச்சுள்ள உறைக்கு மட்டும், நெருப்புக்கு எட்டத்தில். பூச்சில்லாத தாளில் பட்டால் கறை நிற்கும்.

அலமாரிக் கணக்கு ஒன்று: ஒரு தொகுதி சுமார் 1.5 செ.மீ. தடிமன். 90 செ.மீ. தட்டில் 60 பிடிக்கும், ஆனால் 55க்கு மேல் திணிக்காதீர்கள், இழுக்கும்போது முதுகின் மேல்முனை கிழியும். இரட்டை வரிசை என்றால் பின் வரிசையை 7 செ.மீ. பலகை மேல் ஏற்றுங்கள், முதுகு தெரியும். எடை 20 கிலோவைத் தொடும், நடுவில் ஒரு தாங்கி வையுங்கள்.

---

மூன்றாம்கட்டம் எழுதியது:

நன்றி. உப்புத்தாள் திட்டம் கைவிடப்பட்டது. மறு அச்சு எது என்று இப்போது பார்த்தாலே தெரிகிறது. பெரிய பதிப்பா தனித் தொகுதியா என்பதும், இணையத்தில் கட்டாக விற்பவற்றை நம்பலாமா என்பதும்தான் மிச்சம். கொரிய, ஹாங்காங் இதழ்களையும் யாராவது தொட்டுச் செல்லுங்கள்.

---

இடமிருந்துவலம் எழுதியது:

படிக்கவா, சேகரிக்கவா என்பதை ஒவ்வொரு தொடருக்கும் தனியாக முடிவு பண்ணுங்க. வார இதழில் வண்ணத்தில் வந்த பக்கங்கள் சாதாரணத் தொகுதியில் சாம்பல் நிறமாகத்தான் அச்சாகும். கான்ஸென்பானில் வண்ணம் திரும்ப வரும். அதனால் படிக்க அதுதான் என் தேர்வு. 'டிராகன் பால்' 42 தொகுதி, கான்ஸென்பானில் 34. 'ஸ்லாம் டங்க்' 31 தொகுதி, கான்ஸென்பானில் 24, 2018 புதுப் பதிப்பில் 20. அத்தியாயப் பிரிவு மாறுவதால் பாதி இதில் பாதி அதில் என்று கலக்கவே முடியாது. மாற்றினால் முழுசாக மாற்றணும். ஆங்கிலத்தில் இன்னொரு பொறி: அதே 'டிராகன் பால்' 16 தொகுதியும் 'டிராகன் பால் இஸட்' 26 தொகுதியும் எனப் பிரிந்து வந்தது. ஜப்பானிய 17ஆம் தொகுதிதான் ஆங்கில இஸட் 1. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஒன்றே இரண்டு முறை வரும்.

மூன்று தொகுதி ஒன்றாக்கிய ஆங்கிலப் பதிப்பு மலிவு, ஆனா ஐந்நூறு பக்கத்துக்கு மேல் பசை முதுகு. இரட்டைப் பக்கப் படங்கள் நடு மடிப்பில் விழுங்கப்படும். புதுசாகப் பிரிக்கும்போது மேசையில் நிறுத்தி முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாறி மாறி அழுத்தி நடுவுக்கு வாங்க. நேரே நடுவில் விரித்தால் அங்கேயே முதுகு உடையும்.

ஜப்பானியக் கட்டு விற்பனையில் நாலு சொல் பார்த்து வையுங்க. "யாகே" என்றால் பழுப்பு, "ஷிமி" கறை. "ரெண்டாரு ஒச்சி" என்றால் வாடகைக் கடையிலிருந்து வந்தது, முத்திரையும் ஒட்டுநாடாவும் இருக்கும். "சாய்தான் ஸுமி" மிக ஆபத்து. ஸ்கேன் எடுக்க முதுகையே வெட்டியிருக்காங்க, வருவது தளர்ந்த தாள்கட்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்க. "கிகான்" என்று இருந்தால் இதுவரை வந்தது மட்டும், தொடர் முடியலை.

போலி ஆங்கிலப் பெட்டித் தொகுப்புகளும் சுற்றுது. அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடிப்பதால் புள்ளிகளால் போட்ட நிழலில் அலைஅலையான கோலம் (மொய்ரே) தெரியும், கறுப்பு அடர்சாம்பலாக இருக்கும். முகத்தின் நிழலையும் வானத்தின் சாய்வு நிழலையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்க. நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

கொரிய மன்ஹ்வா இடமிருந்து வலம். ஜப்பானியப் படைப்புகள் கொரியாவில் அதிகாரபூர்வமாக அனுமதிக்கத் தொடங்கியது 1998 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய ஜப்பானியக் கதையின் கொரியப் பிரதி கையில் இருந்தால் உரிமம் இருக்கான்னு பதிப்பு விவரத்தில் பாருங்க, நிறைய திருட்டுப் பதிப்பு. பெயர்களும் கொரியப் பெயராக மாறியிருக்கும், படங்கள் திருப்பிப் போடப்பட்டிருக்கும், வாள் இடது கையில் இருந்தால் அதுதான் அடையாளம். தைவானிலும் 1992 பதிப்புரிமைச் சட்டம் வரை அப்படித்தான். இவற்றைத் தூக்கிப் போடாதீங்க. அட்டவணையில் தனி வரியாகக் குறிச்சு வைங்க.

ஹாங்காங் மெல்லிய வார இதழ்கள் முழு வண்ணம், பளபளத் தாள், கம்பிப் பின். முதல் வேலை பின்னைப் பார்ப்பது. துரு படிந்திருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து கம்பிக் கால்களை நிமிர்த்தி மெதுவாக எடுங்க, அதே துளையில் துருப்பிடிக்காத பின் போடலாம். துரு இல்லாவிட்டால் தொடாதீங்க. பளபளத் தாள் ஈரமானால் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். நிற்க வைக்காமல் படுக்கையாக, 20 இதழுக்கு மேல் அடுக்காமல் வைங்க.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

அட்டவணைக்கு ஒரு சொல்: பெயர், பதிப்பகம், தொகுதி எண், அச்சு எண், ஐஎஸ்பிஎன், ஓபி உண்டா, உறை எந்த வரிக்காலம். ஐஎஸ்பிஎன் முன்னொட்டே நாட்டைச் சொல்லிவிடும்: 978-4 ஜப்பான், 978-89 கொரியா, 978-962 ஹாங்காங், 978-957 தைவான். 10 இலக்கப் பழைய எண்ணானால் 978 இல்லாமல் அதே எண்ணில் தொடங்கும். ஹாங்காங் வார இதழ்களில் பெரும்பாலும் ஐஎஸ்பிஎன் இருக்காது, அங்கே இதழ் எண்ணைக் குறியுங்கள்.