புலத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது? மனுவின் இரண்டாம் பத்தி குறித்து

பழைய தலைமையாசிரியர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பட்டதாரிகள் சிலர் உயர்கல்வி அமைச்சுக்கு அனுப்பவிருக்கும் மனுவின் வரைவை நேற்றிரவு வாசித்தேன். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் புலத் தலைவரை (டீன்) அந்தந்தப் புலத்தின் விரிவுரையாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் பத்தி கேட்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

இன்றைய ஏற்பாடு என்ன? 'ஆக்கு' என்று நம்மவர் சொல்லும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, துணைவேந்தரை அமைச்சர் நியமிக்கிறார். இயக்குநர் வாரியத்தையும் அவரே நியமிக்கிறார். புலத் தலைவரைத் துணைவேந்தர் நியமிக்கிறார். கல்வி தொடர்பானவற்றைத் தீர்மானிக்கும் செனட்டில் பேராசிரியர்களுக்கு இடம் உண்டு என்றாலும், 20 பேருக்கு மிகாத அவர்களையும் துணைவேந்தரே பொறுக்கி எடுக்கிறார். ஆக, மேலிருந்து கீழே வரும் சொல்லுக்குத்தான் பாதை இருக்கிறது. கீழிருந்து மேலே போகும் சொல்லுக்கு இல்லை. தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புதிதா? மேலே துரை, கீழே ஆள், நடுவில் கங்காணி. விடியற்காலையில் ஆள்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பிரட்டில் கங்காணி வாயிலிருந்து வந்தது துரையின் சொல்லே தவிர ஆளின் சொல் அன்று.

இதே ஊரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளியும் அதன் உறுப்பினர் ஆனார். நிர்வாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கும் ஒரு சொல் இருந்தது. கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்தவருக்குத் தகுந்த உரிமை, முனைவர் பட்டம் வாங்கியவருக்குத் தகாதா?

மூன்றாம் லயம்

ஐயா, நீங்கள் எனக்கு ஆறாம் ஆண்டில் பாடம் எடுத்தவர்; தயங்கித்தான் மறுக்கிறேன். கங்காணியை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். துரை சொன்னதை ஒப்பித்தவர் மட்டுமா அவர்? ஊருக்குப் போய்த் தம் உறவுக்காரரையும் சாதிக்காரரையும் கூட்டிவந்து, அந்த ஆள்பலத்தை வைத்தே தோட்டத்தில் செல்வாக்குத் தேடிக்கொண்டவரும் அவரே. வாக்கு வாங்கி வருகிற புலத் தலைவர் இந்த இரண்டாவது வகைக் கங்காணி ஆகிவிட மாட்டார் என்று யார் உறுதி சொல்வது? யார் யாருக்குப் பதவி உயர்வுப் பரிந்துரை, யார் யாருக்கு ஆய்வு விடுப்பு என்பதெல்லாம் வாக்கு எண்ணும்போதே முடிவாகிவிடும். நம் பக்கத்துக் கோயில் நிர்வாகத் தேர்தலில் நாற்காலி பறந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மறுநாள் அதே நாற்காலிகளைத் துடைத்து அடுக்கியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று, இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை எப்படி வந்தது? 1950களில் ஆலோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முதன்மை கொடுக்கும் துறையைத்தான் பரிந்துரைத்தார். அவர் படிப்பில் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, தமிழே முதன்மை மொழி ஆக வேண்டும் என்று மக்களைத் திரட்டினார். 1956இல் துறை தொடங்கியபோது தமிழுக்கு அந்த இடம் கிடைத்தது. என் பாட்டனார் அந்த நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்ததாக வீட்டில் இன்றும் சொல்வார்கள். அறிஞர்கள் கையில் முழுவதையும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல்கலைக்கழகம் விரிவுரையாளர்களின் சொத்து அன்று. மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் அமைச்சர் அதில் தலையிடுவதை நான் குறையாகக் கருதவில்லை.

பெயர் சொல்லாத விரிவுரையாளர்

நான் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். எது என்று கேட்க வேண்டாம். 605ஆம் எண் ஒழுங்கு நடவடிக்கைச் சட்டம் எங்களையும் கட்டுப்படுத்துகிறது என்பதால், நிர்வாகத்தைப் பற்றி வெளியே எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

தம்பி மூன்றாம் லயம் சொன்ன வரலாறு சரி. ஆனால் அந்த ஒரு வெள்ளியை இன்று யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? மக்கள் நுழையக்கூடிய கதவு இன்று எங்கே இருக்கிறது? எங்கள் புலக் கூட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழில் நடத்தப்பட்டு வந்த ஒரு விருப்பப் பாடத்தை நிறுத்துவது அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்திய விவகாரம். மணி ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. வெளியே நாசி லெமாக் பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன. தாள்கள் புரண்டன. "அடா பண்டாங்ஙான்?", கருத்து ஏதும் உண்டா என்று தலைவர் மலாயில் கேட்டார். நான் கை தூக்கி, பதிவு செய்த மாணவர் எண்ணிக்கை ஏன் குறைந்தது, பாடநேரத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றியதால்தானே என்று கேட்டேன். "நல்ல கருத்து" என்றார். இரண்டு வாரம் கழித்து வந்த கூட்டக் குறிப்பில் என் கேள்வி இல்லை. 'மெஷுவாராட் மெங்ஙம்பில் மக்லூம்' என்ற ஒரே வரிதான் இருந்தது. கூட்டம் கவனத்தில் கொண்டதாம். யார் முடிவெடுத்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாதபடி ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தத் தலைவர் கெட்டவர் அல்லர். அவருடைய பதவி எங்களிடமிருந்து வரவில்லை. ஆகவே எங்களுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

எஸ்.டி.பி.எம். பிள்ளையின் தாய்

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், பொறுமையாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். புலத் தலைவரை யார் தேர்ந்தெடுத்தாலும், என் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அவரா முடிவு செய்கிறார்?

பெயர் சொல்லாத விரிவுரையாளர்

பெரும்பாலும் இல்லை, அக்கா. பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களின் விண்ணப்பம் அமைச்சின் பொதுச் சேர்க்கை முறையான யு.பி.யு. வழியாகப் போகிறது, கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்ற கணக்கும் பொதுவானது. பல்கலைக்கழகத்துக்குப் போக இன்னொரு வழியான மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களை 2019இல் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும், பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடிகளுக்கும், 90 விழுக்காடு என்ற பங்கீட்டை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது அமைச்சரவை. அந்த மாணவர்களுக்கு மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தப்போகும் எங்களை எவரும் கேட்கவில்லை.

பழைய தலைமையாசிரியர்

மூன்றாம் லயம் சிறிய துறைக்கு வாக்குப் பலம் இராது என்று எழுதவில்லையே தவிர, நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பள்ளியிலேயே அவர் கணக்கில் கெட்டிக்காரர். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். 1960களில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள், கலைப் புலத்துக்கும் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதன் பின்னணியில் அவருடைய உழைப்பு இருந்தது. சிறிய துறையிலிருந்து வந்தவருக்குப் பெரிய புலம் மரியாதை தராது என்பது நம் அச்சமே ஒழிய வரலாறு அன்று.

மூன்றாம் லயம்

நினைத்தது உண்மை, ஐயா. எழுதாமல் விட்டதும் அதனால்தான். ஆனால் ஓர் அடிகளாரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. அவருக்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளில் எத்தனை தனிநாயகம் நமக்குக் கிடைத்தார்கள்? பல துறைகள் கொண்ட ஒரு புலத்தில், ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடக்கூடிய விரிவுரையாளர்களை வைத்திருக்கும் துறையின் பாடத்தை நிறுத்தலாமா என்று வாக்கெடுத்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் அதே ஒன்றாக ஐந்து நிமிடத்தில்தான் கேட்பார். இம்முறை அதற்குப் பெரும்பான்மை என்ற முத்திரையும் இருக்கும்.

விரிவுரையாளர் சொன்ன கூட்டக் குறிப்பு என்னைத் தூங்கவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தேர்தல் மருந்தன்று. ஒரு பாடத்தை நிறுத்துவதானால் அதை நடத்தும் துறையின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும்; துறை மறுத்தால் அந்த மறுப்பு முழுமையாகச் செனட்டின் முன் வைக்கப்பட வேண்டும்; யார் என்ன கேட்டார் என்பது குறிப்பில் இடம்பெற வேண்டும். 2018 தேர்தல் அறிக்கையில் ஆக்குவையே ஒழிப்பதாகச் சொன்னவர்கள், ஆட்சிக்கு வந்து அவ்வாண்டு இறுதியில் மாணவர் அரசியல் தொடர்பான பகுதியைத்தான் திருத்தினார்கள். அந்த வேகத்தில் தேர்தலுக்குக் காத்திருந்தால் என் பேரன்தான் வாக்களிப்பான். குறிப்பை ஒழுங்காக எழுதச் சொல்ல நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

பழைய தலைமையாசிரியர்

துறையின் ஒப்புதல் என்பதை மூன்றாம் பத்தியாகச் சேர்க்கச் சொல்கிறேன். இரண்டாம் பத்தியை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் லயம்

அப்படியானால் மூன்றாம் பத்திக்குக் கீழே மட்டும் என் கையெழுத்து இருக்கும், ஐயா. தாளில் அதற்கு இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள்.