வாசிகசாலைக்குப் பின்னால் ஆறு பரப்பு: பூங்காவில் முதலில் எதை வைப்பது?

ஒழுங்கைமுடக்கு கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்ன ஊர். பேரைச் சொன்னால் ஆளையும் பிடித்துவிடுவீர்கள், ஆகவே விடுகிறேன். எங்கள் சனசமூக நிலையத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். பொதுக்கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்ததற்குக் கிடைத்த தண்டனை அது.

வாசிகசாலைக்குப் பின்னால் ஆறு பரப்பு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) வளவு ஒன்று பற்றை பத்திக் கிடக்கிறது. ஒரு பாழ் கிணறு, இரண்டு வேம்பு, கட்டாக்காலி மாடுகள். காணிக்காரர் கனடாவில். தாயாரின் திவசத்துக்கு வந்த மூத்த மகன், "அம்மாவின்ரை பேரிலை பிள்ளைகளுக்கு ஒரு பார்க் செய்து தாறம்" என்று வாசிகசாலை வாங்கில் இருந்து சொன்னார். எல்லாருக்கும் சந்தோசம். முதலில் நீச்சல் தடாகம் என்றுதான் தொடங்கினார். அதற்கு மாதம் மாதம் தண்ணீரும் மருந்தும் கரண்டும் யார் கொடுப்பது என்று கேட்டதும் இறங்கி வந்தார். இப்போது வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: மஞ்சளும் சிவப்புமாக ஒரு பிளாஸ்ரிக் கோட்டை, அதிலிருந்து நாலு சறுக்கி, கீழே றப்பர் விரிப்பு.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு மைல் தள்ளி ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. திறந்த அன்று நாதஸ்வரம், மாலை, பேச்சு எல்லாம் நடந்தது. என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். மரம் ஒன்றும் இல்லை. தகரச் சறுக்கி மேற்கைப் பார்த்து நிற்கிறது. ஏறி இருந்தவள் பாதியில் வீரிட்டுக் கத்திக்கொண்டு வந்து விழுந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடையின் பின்பக்கம் தோசைக்கல்லில் பட்டதுபோலச் சிவந்து கிடந்தது. பிறகு பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தோம். பூட்டு. திறப்பு வைத்திருப்பவரின் வேலை நாலரையுடன் முடிகிறதாம். வெயிலுக்குத் திறந்து நிழலுக்குப் பூட்டுகிற பூங்கா. திறப்பு விழாவில் வெட்டிய சிவப்பு நாடாவின் ஒரு துண்டு மட்டும் இன்னும் படலைக் கம்பியில் முடிச்சாக இருக்கிறது. என் மகள் அதைத்தான் பிடித்து ஆட்டிவிட்டு வந்தாள்.

இன்னொரு விசயம். எங்களிடம் மைதானம் இல்லாமல் இல்லை. விளையாட்டுக் கழகத்தின் மைதானம் பெரியது. நாலு மணி தொடக்கம் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை அது பொடியன்களுக்கு. பத்தாம் வகுப்புப் பெட்டைகள் ரியூசனுக்குப் போகும்போது மதிலோரம் சைக்கிளைச் சாய்த்து ஐந்து நிமிடம் கதைப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைக்கிற பொழுதுபோக்கு. என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்னார். விடிய ஐந்து மணிக்கு ஒரு கையில் ரோச் லைற், மற்றக் கையில் நாய்க்குத் தடியுடன் தார் றோட்டில் நடக்கிறார்.

ஆக, என் கேள்வி இதுதான். காசு ஒருமுறைதான் வரும். முதலில் எதைச் செய்வது? காணியைப் பிரதேச சபைக்குக் கொடுப்பதா, நாங்களே வைத்திருப்பதா? பூட்டுத் திறப்பு யார் கையில் இருக்க வேண்டும்? செய்து பார்த்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

அக்கா, நான் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். ஊஞ்சல், சீசோ, சறுக்கி எல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: அவை கடைசி.

பிளாஸ்ரிக் கோட்டையை மறந்துவிடுங்கள். எங்கள் வெயிலில் சில வருடத்தில் நிறம் வெளுத்து வெடிக்கும். ஒரு மூலை உடைந்தால் அதே மூலை இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. இரும்பு என்றால் ஊரில் இருக்கிற எவனும் ஒட்டித் தருவான். கல்வனைஸ் பைப்பில்தான் செய்ய வேண்டும், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெல்டிங் பிடித்த இடத்தில் பைப்பின் மேல் இருக்கிற நாகப் (சிங்க்) பூச்சு எரிந்து போய்விடும். கறள் முதலில் அங்கேதான் பிடிக்கும். கடற்கரைக்குக் கிட்ட என்றால் கேட்கவே தேவையில்லை. மூட்டுகளைத் தேய்த்து நாகப் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசினீர்களா என்று வேலை பார்ப்பவனிடம் நின்று கேளுங்கள். மேலே பச்சையும் மஞ்சளும் அடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஊஞ்சலில் ஆபத்து சங்கிலி இல்லை, மேலே மாட்டுகிற கொக்கி. போன வருடம் ஒரு முன்பள்ளியில் கழற்றிப் பார்த்தேன். பெருவிரல் மொத்தத்தில் போட்ட கம்பி, பென்சில் மொத்தத்துக்குத் தேய்ந்து நின்றது. அதற்குக் கீழே அந்த நிமிடம் வரை ஒரு பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்க்க ஆள் இல்லை என்றால் ஊஞ்சல் போடாதீர்கள்.

சறுக்கியைக் கிழக்குப் பார்க்க வையுங்கள். பிள்ளைகள் வருவது பின்னேரம், வெயில் மேற்கில் இருந்து முதுகுப் பக்கமாக விழும். சித்திரையில் நடு மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு மேல், அப்போது எந்தப் பக்கம் திருப்பியும் பிரயோசனம் இல்லை, நிழல்தான் வேண்டும். கீழே கொன்கிறீட் போட்டு அழகு பார்க்க வேண்டாம். ஒரு அடி ஆழத்துக்கு மணல் போதும். மணல் ஏற்றுவதற்குப் பெர்மிட் கேட்பார்கள், அதை முதலே எடுங்கள்.

பழைய ரயரில் பெயின்ற் அடித்து நட்டுவைப்பது இப்போது எல்லா இடமும் பழக்கம். ஒவ்வொரு ரயரிலும் கீழ்ப் பக்கம் நாலு ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் எட்டிப் பார்ப்பது ரயரைத்தான்.

---

பழைய கோப்பு எழுதியது:

உள்ளூராட்சியில் முப்பது வருடம் கோப்புத் தூக்கியவன் என்ற முறையில் காணிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை, "காணிக்காரர் கனடாவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேர்? தாயார் இறந்த பிறகு காணி எல்லாப் பிள்ளைகள் பேரிலும் பிரிபடாத பங்காக இருக்கும். மூத்தவர் வாங்கில் இருந்து சொன்ன வாக்கு அவருடைய பங்குக்கு மட்டும்தான். நாலு பேர் என்றால் நாலு கையெழுத்து. ஒருவர் வர முடியாவிட்டால் அற்றோணி (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரம்) முடித்து அனுப்ப வேண்டும். காணி உறுதியை நொத்தாரிசு முடித்துக் காணிப் பதிவகத்தில் பதியும் வரை ஒரு கல்லும் நடாதீர்கள். ஊஞ்சல் போட்டு மூன்றாம் வருடம் கடைசித் தங்கையின் மருமகன் வந்து எல்லை போட்ட கதை எனக்குத் தெரியும்.

சபைக்குக் கொடுப்பதா என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மக்களின் வசதி, நலன் எல்லாவற்றையும் சபையின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. கொடுத்தால் வாங்கலாம். ஆனால் வாங்குவது வேறு, பராமரிப்பது வேறு. பாதீட்டில் அந்தப் பூங்காவின் பேரில் ஒரு தொகையும், காவலாளிக்கு ஒரு ஆளணியும் விழாவிட்டால் உங்கள் பூங்காவுக்கும் நாலரைக்குப் பூட்டுத்தான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை முறையிடுவதற்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை. சபைச் செயலாளர்கள்தான் கொண்டு நடத்தினார்கள். இப்போது உறுப்பினர் இருக்கிறார், பிடித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: காணி சனசமூக நிலையத்தின் பேரில் இருக்கட்டும். குப்பை அள்ளுவதையும் றோட்டு லைற்றையும் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். கனடாக்காரரிடம் முழுக் காசையும் கட்டடத்தில் போட விடாமல், ஒரு பகுதியை நிலையான வைப்பில் போடச் சொல்லுங்கள். வட்டியில் ஒரு கூட்டுகிற ஆளுக்குச் சம்பளம் வரும். இதை அவர் விரும்பமாட்டார். வைப்புப் புத்தகத்தில் பேர்ப்பலகை மாட்ட முடியாதே.

---

ரவுண் பஸ் எழுதியது:

நான் வேலைக்கு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்வருகிறவள். பின்னேரம் பஸ் பிந்தினால் எங்கே போய் இருப்பது என்று பார்த்துப் பார்த்தே ரவுணில் இருக்கிற எல்லாப் பூங்காவும் எனக்கு அத்துப்படி.

நூலகத்துப் பக்கம் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் குடும்பம் குடும்பமாகச் சனம். ஆரியகுளத்தை 2021 கடைசியில் திருத்தித் திறந்தார்கள், இருட்டினால் வெளிச்சத்துக்காகவே போகலாம். துரையப்பா அரங்கை 2016இல் இந்திய உதவியில் புதுப்பித்தார்கள், அது விளையாட்டுக்காரருக்கு. பண்ணைக் கடலோரம் காற்று வாங்க எவரும் போகலாம். ஒரு சதமும் இல்லை, கச்சான் சுருள் ஒன்று போதும்.

ஆனால் வெயில் நேரத்தில் உடம்பு தானாக ஒதுங்குகிற இடம் கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்துப் பக்கம்) இருக்கிற பழைய பூங்காதான். 1867இல் இறந்துபோன டைக் என்ற, வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க ஏசண்டுத் துரை உண்டாக்கியது. அவர் இருந்த மாளிகை இடிந்து சுவராக நிற்கிறது. மரங்கள் நிற்கின்றன. யார் வைத்தது என்று கேட்காமலே சனம் கீழே நிற்கிறது.

அக்கா, உங்களிடம் இரண்டு வேம்பு ஏற்கெனவே நிற்கிறது என்கிறீர்கள். காணி துப்புரவாக்க வருகிற ஜேசிபிக்காரன் முதலில் தள்ளுவது அதைத்தான். இப்போதே சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு ஐப்பசி மழை தொடங்கக் கன்று வையுங்கள், வேம்பும் புங்கையும் போதும், வடிவுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பனைமட்டையால் கூடு அடைக்காவிட்டால் மாடு மிச்சம் வைக்காது.

இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். மலசலகூடம். பொம்பிளைகள் ஒரு பூங்காவில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது ஊஞ்சல் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவள், உங்கள் அம்மா மாதிரிச் சீனி வருத்தக்காரி, மாத விலக்கில் இருக்கிற பெட்டை, எல்லாருக்கும் அரைமணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது, வீட்டுக்கு ஓட வேண்டும். கட்டும்போது மலக்குழியைக் கிணற்றில் இருந்து எட்டத்தில் கட்டுங்கள். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம், குழியில் விழுவது வெடிப்பு வழியே கிணற்றுக்குத்தான் போகும்.

---

செற்றர் எழுதியது:

அக்கா ஒரு வொலிபோல் வலை கட்ட மட்டும் இடம் விடுங்கோ. ஓவர் கேம் அடிக்க. லைற் இரண்டு போட்டால் இரவு ஒன்பது மட்டும் நாங்களே காவல் 🙏

---

ஒழுங்கைமுடக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் போனைக் கீழே வைக்கவில்லை.

பழைய கோப்பு ஐயா, கேட்டேன். ஐந்து பேர். அதில் ஒருவர் அவுஸ்திரேலியா, அண்ணனோடு கதை பேச்சு இல்லை. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டியிருப்போம். தங்கச்சிக்காரியைக் கொண்டு அவருடன் கதைக்கச் சொல்லியிருக்கிறேன். மூத்தவரிடம் வைப்புக் காசு பற்றியும் சொன்னேன். நீங்கள் சொன்னபடியே முகம் சுருங்கியது, வீடியோ கோலில் தெரிந்தது. வேம்பைச் சுற்றி ஒரு வட்டத் திண்ணை கட்டி அதில் அம்மாவின் பேரைப் பொறிக்கலாம் என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்தார். அம்மா பின்னேரத்தில் அந்த மரத்தடியில் இருந்துதான் அரிசி புடைப்பாராம். சரி என்றுவிட்டார். கோட்டைப் படத்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கட்டையும் கயிறும் பிடித்து வளவை அளந்தோம். ஓரத்தால் ஒரு சுற்று 150 மீற்றர் வருகிறது. ஏழு சுற்று ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். என் அம்மா அளக்கும்போதே பின்னால் மூன்று சுற்று நடந்துவிட்டார். ஆக, நடக்கிற பாதை, தண்ணீர்ப் பைப், மலசலகூடம், திண்ணை. பிறகு ஒரு ஊஞ்சல், கிழக்குப் பார்த்த ஒரு சறுக்கி. உப்புக்காற்று அண்ணை, ஏணி வைத்துக் கொக்கி பார்க்கிற ஆள் கிடைத்தாயிற்று: வாசிகசாலையில் பேப்பர் வாசிக்க வருகிற ஒரு ரிட்டயர் மெக்கானிக். மாதம் ஒரு தேத்தண்ணியும் வடையும் சம்பளம்.

செற்றர் தம்பி, ஒன்றரைப் பரப்பு வலைக்கு விட்டிருக்கிறோம். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பெட்டைகளுக்கு. அந்த இரண்டு நாளும் வலை கட்டிக் கொடுப்பது உங்கள் வேலை, கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மதிலில் இருந்து பார்ப்பதும் இல்லை.

திறப்பு விசயம்தான் இன்னும் முடியவில்லை. கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் அதற்கே போனது. தலைவர் தன்னிடம் என்கிறார், பொருளாளர் தன்னிடம் என்கிறார். படலையே போடாமல் விட்டால் என்ன என்று மாதர் சங்கத்து அக்கா ஒருவர் கேட்டார். மாடு வரும் என்றார்கள். மாடு வராமல் ஆள் மட்டும் நுழைகிற மாதிரி, கோயில் வாசல்களில் இருக்குமே, அந்த வளைந்த கம்பி வழி. உப்புக்காற்று அண்ணை, கல்வனைஸ் பைப்பில் அதைச் செய்ய எவ்வளவு முடியும்? வீல்செயாரும் போக வேண்டும், அதையும் யோசித்து ஒரு விலை சொல்லுங்கள்.