நாலு ஏக்கர் குட்டையும் ரண்டு ஏக்கர் புறம்போக்கும்: வேலையை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி:
வணக்கமுங்க. அவிநாசிப் பக்கம் எங்க ஊர்க் குட்டை நாலு ஏக்கர், முழுக்க சீமைக் கருவேலம். ஒட்டியிருக்கற ரண்டு ஏக்கர் புறம்போக்கும் அதே கதிதான். பவானி ஆத்துத் தண்ணியக் குழாய்ல குட்டைகளுக்குக் கொண்டுவர்ற அத்திக்கடவுத் திட்டத்துல சேர்ந்த 1,045 குட்டைகள்ல இதுவும் ஒண்ணு. பங்குனிக் கடைசில பொக்லைன் வருது. எத்தனை அடி தோண்டலாம்? கரை மேல இருக்கற மரத்த வேரோட எடுக்கலாமுங்களா? புறம்போக்குல மரம் வெச்சு, ஊர் சனம் உக்கார இடம் பண்ணணும்.

பதில் 1:
முதல்ல சர்வேயரை வெச்சு எல்லைக்கல் நடுங்க. அத்திக்கடவுக் குழாய் போற தடத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுருங்க, பொக்லைன் பக்கெட் பட்டா உடைஞ்சிரும். வண்டல் எடுக்க தாசில்தார் அனுமதி வேணும். மண்ணு வாங்கற விவசாயியோட புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75 வரைக்கும்தான். நாலு ஏக்கர்ல ஒரு அடி எடுத்தாலே 4,900 கன மீட்டருக்கு மேல; டிராக்டருக்கு 3 கன மீட்டர்னா 1,600 லோடு தாண்டும். புஞ்சை 55 ஏக்கருக்காவது வாங்கிக்க ஆள் வேணும். பேசி வெக்காமத் தோண்டினா மண்ணு கரையோரம் குமிஞ்சு, முதல் மழையிலயே உள்ள திரும்பிரும்.

ஆழத்துக்கு நாலு எடத்துல சோதனைக் குழி எடுங்க. வண்டல் முடிஞ்சு களி வந்ததும் நிறுத்திக்கங்க. களியைக் கிழிச்சு சரளைக்குப் போயிட்டா தண்ணி நிக்காது. கரையடில 15 அடி தொடாம விட்டு, அங்கிருந்து ஒண்ணுக்கு மூணு சரிவா (ஒரு அடி ஆழத்துக்கு மூணு அடி தள்ளி) இறக்குங்க.

பதில் 2:
கரை மரத்துல அவசரம் வேண்டாமுங்க. மேலாப்புல வெட்டினா அடிக்கட்டை துளிர்க்கும். மருந்து வெச்சுக் கொன்னா வேர் உள்ளயே மக்கி, கொஞ்ச வருசத்துல அந்தப் பொந்து வழியா தண்ணி கசிஞ்சு கரையே போகும். தூரோட எடுங்க, ஆனா அன்னைக்கே குழியை மூடணும். அரையடி அரையடியா, தண்ணி தெளிச்சு, ரோலர் ஓட்டி. ஒரு பிடி மண்ணப் பிசைஞ்சா உருண்டை நிக்கணும், ஈரம் கையில ஒழுகக் கூடாது, அதான் பதம். இதுக்கு வண்டல் ஆகாது, களி கலந்த செம்மண்ணுதான். மறுகால், அதாவது குட்டை ரொம்பினா மிச்சத் தண்ணி வெளியேறற வழி, அதோட மட்டத்துக்கு மேல கரை 3 அடியாவது இருக்கோணும். தண்ணி அதிகம் நிக்கட்டும்னு மறுகாலை உயர்த்தறதுதான் ஊர்ல எல்லாரும் பண்ற பெரிய தப்பு. பெஞ்சு, நடைபாதையெல்லாம் ஒரு ஐப்பசி மழை பாத்து மண்ணு அமுங்கின பிறகு போடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. மரம்?

பதில் 3:
வெட்டறதுக்கு முன்னாடி நாட்டுக் கருவேலம் இருந்தா செவப்புத் துணி கட்டிருங்க. அதோட பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தாப்ல இருக்கும். கொக்கும் நாரையும் கூடு கட்டற மரம், டிரைவருக்கு வித்தியாசம் தெரியாது. சீமைக்கு பூ நீளக் கதிர்.

புறம்போக்குல நடுவுல அரை ஏக்கர் சனம் உக்கார வெறுமனே விடுங்க. மிச்சத்துல 15 அடிக்கு ஒண்ணுன்னா 290 குழி. ஈரப்பக்கம் நீர்மருது, நாவல், இலுப்பை. மேட்டுல வேம்பு, புங்கன், வெள்வேல். குழிக்கு 10 லிட்டர், வாரம் ரண்டு தடவைன்னா வாரத்துக்கு 6,000 லிட்டர் டேங்கர் ஒண்ணு, ரண்டு கோடைக்கு. அதுக்குக் காசில்லைன்னா 100 குழியோட நிறுத்தறது மேல்.

சீமை விதை மண்ணுல கிடக்கும். மழைக்கப்புறம் ஈரத்துல கையால பிடுங்கணும், மூணு வருசம் விடாம. ஆடு காய் தின்னு புழுக்கையில விதைச்சிரும், அதனால சுத்தி வேலியா கிளுவைப் போத்து (வெட்டின கிளை) நடுங்க. கரையோட வெளிச்சரிவு அடில 10 அடிக்கு ஒரு பனங்கொட்டை, ஆவணி புரட்டாசில. தை நோம்பிக்குக் கிழங்குன்னு தோண்டிருவாங்க; கிழங்குக்குத் தனியா ஒரு பாத்தி போட்டுக் குடுத்துருங்க.