ஹெட்போனில் நல்லது, ஹோலில் கூசுகிறது: கெப் ஐஆர் எப்படித் தெரிவு செய்வது?

உப்புவெளி லீட்:
எல்லோருக்கும் வணக்கம், திருமலையில் (திருகோணமலையில்) இருந்து எழுதுகிறேன். ஞாயிறுகளில் சேர்ச்சில் வாசிக்கிறேன், மே முதல் செப்டம்பர் வரை கடற்கரை சீசனில் எங்கள் பேண்டோடு உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்கும் போவேன். சொந்த ஆம்ப் இல்லை. இந்த வெயிலில் நாலு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் போகவும் முடியாது. அதனால் ஸ்ட்ராட் வகைக் கிட்டார், சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், அதற்குள் ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் நியூரல் ஆம்ப் மொடலர், அதன் பின்னால் நாடிர் ஐஆர் லோடர் (கெப், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, ஒலிக்கும் விதத்தைப் பதிந்த ஐஆர் கோப்புகளை ஓட்டுவது), அங்கிருந்து நேரே மிக்ஸருக்கு.

இலவசமாகக் கிடைத்த ஐஆர் எல்லாம் ஒரு போல்டரில் குவிந்து கிடக்கிறது. இரவு ஹெட்போனில் ஒன்றைக் கேட்டால் அருமையாக இருக்கிறது, அதையே ஹோலில் போட்டால் லீட் வாசிக்கும்போது தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது, வேறொன்றை மாற்றினால் கீபோர்டுக்குள் கிட்டார் அமுங்கிப் போகிறது. இவ்வளவு கோப்புகளில் இருந்து எப்படித் தெரிவு செய்வது? இரண்டைக் கலந்தால் நல்லது என்கிறார்களே, அது உண்மையா?

பழைய சவுண்ட்காரன்:
தம்பி, முதலில் ஒன்று பாருங்கள். நீங்கள் போடும் மொடல் ஆம்பை மட்டும் பிடித்ததா, இல்லை பெட்டியும் மைக்கும் சேர்த்துப் பிடித்ததா? சேர்த்தது என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு ஐஆர் போடவே கூடாது, மேல் அலைவரிசை இரண்டு தரம் வெட்டப்பட்டு ஒலி மூடிக்கொள்ளும்.

அது சரி என்றால், பெட்டியின் பெயரை விட்டுவிட்டு மைக் எங்கே நின்றது என்று பாருங்கள். ஐஆர் என்பது ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் நின்ற இடம், அறை எல்லாம் சேர்ந்து ஒரு கணத் துடிப்புக்குக் கொடுத்த பதிலின் பதிவு. அதே பெட்டி, அதே எஸ்எம் 57 மைக், ஆனால் மைக்கை ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேரே வைத்தால் பளிச்சென்று கூர்மையாக வரும், மூடியும் அதைச் சுற்றியுள்ள கோனும் (கூம்புத் தாளும்) சந்திக்கும் ஓரத்துக்கு நகர்த்தினால் சமநிலைக்கு வரும், இன்னும் வெளியே கோனுக்குப் போனால் இருண்டுவிடும். இந்த நாலைந்து சென்டிமீட்டர் செய்கிற மாற்றம் பல நேரம் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் இடையிலான மாற்றத்தை விடப் பெரியது. நல்ல தொகுப்புகளில் கோப்பின் பெயரிலேயே கெப் (இங்கே நடு மூடி, பெட்டி இல்லை), கெப் எட்ஜ் (மூடியின் ஓரம்), கோன் என்று இருக்கும். பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகளின் அடி முனைக்குக் கிட்ட உள்ள, கூரான ஒலி தரும் பிக்கப்) லீட் வாசிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு முதல் தேடல் கெப் எட்ஜ்தான். நடு மூடிக் கோப்புகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், போல்டர் பாதியாகக் குறையும்.

அப்புறம் ஸ்பீக்கர். செலஸ்ஷன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு மேல்-நடு அலைவரிசைப் பகுதியில் ஒரு மேடு உண்டு, நெருக்கமான பேண்டுக்குள் கிட்டாரை வெளியே தள்ளும், ஆனால் ஏற்கனவே கூரான பிக்கப்போடு சேர்ந்தால் காதைக் களைக்க வைக்கும். கிரீன்பேக் 25 வாட் ஸ்பீக்கர், மேல்பகுதி மென்மை, நடுப்பகுதி கனிவு. ஜி12டி-75 ஸ்பீக்கர் நடுப்பகுதி குழிந்தது, தனியாகக் கேட்டால் பிரமாண்டம், கீபோர்டோடு வந்தால் காணாமல் போகும். உங்களுக்கு அமுங்கிப் போனது இந்த வகையாக இருக்கலாம், பெயரைப் பாருங்கள். சேர்ச்சில் கிளீன் டோன்தான் கூட என்றால் பின்பக்கம் திறந்த பெட்டி ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். பின்னால் வெளியேறும் அலை முன்னால் வருவதோடு மோதி அடிப்பகுதியைக் குறைத்துவிடும், பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைக்கும்.

இனித்தான் முக்கியமான விஷயம், கேட்கிற முறை. ஹெட்போனைக் கழற்றுங்கள். உங்கள் வாசிப்பை ஐஆர் இல்லாமல் ரீப்பரில் பதிந்து லூப்பில் ஓட விடுங்கள்: அடி இ தந்தியில் உள்ளங்கை அழுத்தி வாசிப்பு, ஒரு முழுக் கோர்ட், மேல் தந்தியில் ஒரு நீண்ட பெண்ட் (தந்தியை வளைத்துச் சுரம் ஏற்றுவது). ஒவ்வொரு ஐஆரையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டெசிபல் கூட ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். கூடவே டிரம்ஸும் கீபோர்டும் ஓட வேண்டும். வாசிக்கப்போகும் சத்தத்துக்குக் கிட்டவாகக் கேளுங்கள். பிளெட்ச்சரும் மன்சனும் 1933இலேயே காட்டிவிட்டார்கள், சத்தம் குறைந்தால் நம் காதுக்கு அடிப்பகுதியும் மேல்பகுதியும் குறைவாகக் கேட்கும். இரவில் மெல்லிய சத்தத்தில் தெரிவு செய்தால் நம்மை அறியாமல் அடியும் மேலும் தூக்கலான ஐஆரைத்தான் எடுப்போம், ஹோலில் அதே கோப்பு கூசும். உங்கள் தலைப்பில் இருக்கிற பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓர்ஸ் ஹில் ரிதம்:
அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி, ஆனால் நான் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன், ஒரே ஒரு ஐஆரை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடு மச்சான். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஒரு லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது), 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) போட்டால் மிச்சம் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்) வந்துவிடும். ஐஆர் மாற்றிக்கொண்டே இருக்கிறவன் வாசித்துப் பழகுவதில்லை.

பழைய சவுண்ட்காரன்:
கட் இரண்டும் போடத்தான் வேண்டும், அதில் கருத்து வேறுபாடு இல்லை. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே செங்குத்தாக விழுகிறது, அதற்கு மேல் மிஞ்சி வருவது பெரும்பாலும் டிஸ்டோர்ஷனின் இரைச்சல். ஆனால் மைக் இடம் பிழையான ஐஆரில் கூசுவது ஒரு பரந்த பகுதி இல்லை, ஒடுக்கமான பல உச்சிகள். ஒவ்வொன்றையும் ஈக்யூவில் துரத்தினால் முடிவில் கிட்டாரின் உயிரும் போய்விடும். கோப்பை மாற்றுவது ஒரு கிளிக்.

கலப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள் தம்பி. பலன் உண்டு, எஸ்எம் 57இன் கடியோடு றோயர் 121 மாதிரி ஒரு ரிப்பன் மைக்கைச் சேர்ப்பது ஸ்டூடியோக்களில் பழகிய வழி, ரிப்பன் கீழ் நடுப்பகுதியை நிரப்பும். ஆனால் இரண்டும் ஒரே தொகுப்பில், நேரம் சரிசெய்து வந்தவையாக இருக்க வேண்டும். ஒரு மைக் மற்றதை விட 17 சென்டிமீட்டர் தள்ளி நின்றிருந்தால் ஒலி அரை மில்லி செக்கன் பிந்தி வரும், அப்போது 1,000, 3,000, 5,000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்கும். கிட்டார் வாழ்கிற இடமே அதுதான். வேறு வேறு இடத்தில் எடுத்த இரண்டைக் கலப்பதென்றால் ஒன்றின் அலையைத் தலைகீழாகப் புரட்டிப் (phase invert) பாருங்கள். இரண்டு நிலையிலும் மெலிந்தே கேட்டால் அந்தச் சோடி வேண்டாம்.

உப்புவெளி லீட்:
மிக்க நன்றி அண்ணா. மொடல் ஆம்ப் மட்டும்தான், பார்த்துவிட்டேன். கெப் எட்ஜ் கோப்புகளை மட்டும் பிரித்து, சத்த அளவைச் சமப்படுத்தி, பயிற்சி நடக்கும் ஹோலில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். கிரீன்பேக், எஸ்எம் 57, கெப் எட்ஜ். எங்கள் கீபோர்ட்காரரே இதுதான் என்று சொன்னார், தனியாகக் கேட்கும்போது அது கொஞ்சம் மெலிந்ததாக இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கிளீனுக்குத் திறந்த பெட்டி ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். கோப்புகளின் சாம்பிள் ரேட் (செக்கனுக்கு எத்தனை தரம் ஒலியை அளந்து பதிந்தது என்பது) சிலவற்றில் 44.1, சிலவற்றில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கிறது, அதில் பிரச்சினை வருமா?

ஓர்ஸ் ஹில் ரிதம்:
லோடர் தானாக மாற்றிக்கொண்டால் ஒன்றும் இல்லை. மாற்றாத லோடரில் 44.1 கோப்பை 48இல் ஓட்டினால் முழுப் பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் (கிட்டாரில் ஒன்றரை ஃபிரெட் அளவு) மேலே நகர்ந்து சின்னப் பெட்டி மாதிரி ஒலிக்கும். சந்தேகம் என்றால் பாவிக்கப்போகும் இரண்டு கோப்பையும் ரீப்பரிலேயே 48க்கு மாற்றி வைத்துவிடு. ஹோட்டல் மேடைக்கு லோ கட்டைத் தனியாக ஒரு பிரீசெட்டில் (சேமித்து வைத்த அமைப்பில்) வை. வெளியில் சுவர் இல்லாததால் அடிப்பகுதி திரும்பி வராது, ஹோலில் 100இல் வெட்டியதை அங்கே 80க்கு இறக்கலாம். அங்கே யாராவது உண்மையான கிட்டார் ஆம்ப் கொடுத்து அதன் ரிட்டர்னில் (ஆம்பின் பவர் பகுதிக்கு நேரே போகும் துளையில்) செருகச் சொன்னால் ஐஆரை ஓஃப் பண்ணு, பெட்டி முன்னாலேயே நிற்கிறது. மிக்ஸருக்குப் போகிற வழியில் மட்டும் அது ஓனில் இருக்கட்டும்.