வகாஷியோ மிதவைகள்: தொண்டா, வேலையா? நூல் யார் வீட்டு நூல்?

தையல்காரி (மாயேபூர்):
சங்கத்து ஆண்டு மலரில் ஒரு பெரியவர் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. 2020 இல் நம் மொரீசியஸ் கரையில் வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, அதைத் தடுக்க நாங்கள் தைத்த கரும்புச் சோகை மிதவை ஒன்றை ஓர் இளம் ஓவியர் தம் கண்காட்சியில் தொங்கவிட்டு, கீழே ‘கூலி எழுதப்படாத வேலை’ என்று பலகை வைத்திருக்கிறார். பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. அது தொண்டு, வேலை அல்ல. தையல் அதில் சிறு பகுதி. நூலும் துணியும் ஆடை ஆலைகள் இலவசமாகக் கொடுத்தவை என்று எழுதிவிட்டார்.

ஜூலை 25 அன்று கப்பல் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் காயலுக்குள் பரவியது. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கடற்கரையில் கூடினோம். சோகையைச் சாக்கிலும் வலைத்துணியிலும் திணித்து, மிதப்பதற்குக் காலி பாட்டில்களைச் சேர்த்து, வாயைத் தைத்தோம். வாய் தைக்காத சாக்கு தண்ணீரில் இறங்கியதும் சோகையைக் கொட்டிவிடும். அப்படியிருக்கத் தையல் எப்படிச் சிறு பகுதி ஆகும்? நூலைப் பற்றியும் சொல்கிறேன். தொடக்கத்தில் எந்த ஆலையின் நூலும் எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் தெருப் பெண்கள் வீட்டுத் தையல் பெட்டியைத் திறந்துதான் நூல் எடுத்தார்கள்.

ரோஸ் ஹில் வேலவன்:
பெரியவரைப் பெயர் சொல்லாமல் இழுப்பது உங்களுக்குப் பழக்கம். நானும் அந்தக் கடற்கரையில் நின்றவன். சோகையை வெட்டிக் கட்டியவர்கள் ஆண்கள். லாரியில் ஏற்றியவர்கள் ஆண்கள். எண்ணெய்க்குள் இடுப்பளவு இறங்கி மிதவையை இழுத்தவர்களும் ஆண்கள். அவர்களில் யாரும் பலகை கேட்கவில்லை. நூல் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆலை நூல்தான்.

தையல்காரி (மாயேபூர்):
எப்போது வந்து இறங்கியது? நீங்கள் ரோஸ் ஹில்லிலிருந்து வந்து சேர்ந்த பிறகா, அதற்கு முன்பா? அதைச் சொல்லுங்கள்.

வண்ணக்கோல்:
அந்தக் கண்காட்சி என்னுடையது அல்ல, ஆனால் அந்தப் பலகையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். மியர்ல் லேடர்மன் யூகலஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1969 இல், குழந்தை பெற்ற பிறகு, ஓர் அறிக்கை எழுதினார். துடைப்பது, கழுவுவது, சமைப்பது ஆகிய பராமரிப்பு வேலைகளையே இனித் தம் கலையாக வைக்கப்போவதாக அறிவித்தார். 1973 இல் ஹார்ட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார். பிறகு நியூயார்க் துப்புரவுத் துறையில் கலைஞராக இருந்து, 1979-80 இல் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களைத் தேடிச் சென்று ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். படைக்கிற வேலைக்குப் பெயரும் புகழும் கிடைக்கின்றன, காக்கிற வேலைக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. காயலைக் காத்த மிதவை கலைக்கூடத்தில் தொங்க எல்லாத் தகுதியும் உடையது.

ரோஸ் ஹில் வேலவன்:
அமெரிக்காவில் ஒருவர் படி கழுவினால் கலை. என் அம்மா வாழ்நாள் முழுவதும் கழுவினார், அதை எந்தக் கூடத்தில் வைத்தீர்கள்? கலைஞர்களுக்குப் பெயர் வாங்க எங்கள் உழைப்பு வேண்டியிருக்கிறது. நூல் ஆலையில் இருந்து வந்தது என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

தையல்காரி (மாயேபூர்):
உங்கள் அம்மா கழுவியது வேலை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாங்கள் தைத்தது மட்டும் ஏன் வேலை இல்லை?

பழைய ஆசிரியர்:
இளைஞர்களும் அம்மாக்களும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். திருநாவுக்கரசர் உழவாரப் படையை ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கினார். கூலி கேட்டாரா? கணக்கு எழுதினாரா? நம் முன்னோர் இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டிய முதலாளிகளிடம் உழைத்தார்கள். அந்தக் கூலிக் கணக்கிலிருந்து மீண்டு, நாமாக மனமுவந்து செய்கிற ஒன்றுதான் தொண்டு. அதையும் மறுபடி கூலிக் கணக்குக்குள் தள்ளுவது நம் முன்னோருக்குச் செய்கிற துரோகம். பெண்ணியம் என்ற பெயரில் இதைச் செய்வது இன்னும் வேதனை. அந்த நூல் ஆலைகள் கொடுத்ததுதான் என்று நானும் கேள்விப்பட்டேன்.

தையல்காரி (மாயேபூர்):
ஆசிரியர் ஐயா, உங்களிடம் படித்தவள் நான். மரியாதையோடு கேட்கிறேன். அப்பர் சிலையை எங்கே செய்தாலும் கையில் உழவாரப் படையை வைத்துத்தான் செய்கிறோம். அவர் செய்த வேலை சிலையிலேயே தெரிகிறது. எங்கள் கோணி ஊசி எந்தப் படத்தில் தெரிகிறது? செய்தித்தாளில் வந்த படங்களைப் பாருங்கள். மிதவையை இழுக்கும் தோள்கள் தெரிகின்றன. மரத்தடியில் குனிந்து தைத்தவர்களின் முதுகு எப்போதாவது ஓரத்தில் தெரிகிறது.

கூலி கேட்டாரா என்கிறீர்கள். சிவபெருமான் கேட்டாரே! வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்ட பிறகுதான் மண் சுமந்தார். வெள்ளம் வந்த ஊரில், கரையடைக்கும் வேலைக்கு, கடவுளே முதலில் கூலி பேசினார். அவர் செய்தது தொண்டு இல்லையா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் ஆலையில் இருபது வயதில் சேர்ந்தவள். 1970 இல் ஏற்றுமதி வலயச் சட்டம் வந்தது. பிறகு ஆலைகள் வரிசையாகத் திறந்தன. உள்ளே உட்கார்ந்து தைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்நியச் செலாவணி என்று மந்திரிகள் பெருமையாகச் சொன்னது எங்கள் விரலில் இருந்து வந்தது. எந்த நாட்டு ஜவுளியை எவ்வளவு வாங்கலாம் என்று அளவு வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் உலக அளவில் முடிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆலைகள் மூடின, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இந்தத் தையலுக்கு மதிப்பில்லை என்றார்கள். எண்ணெய் வந்த அன்று எந்தக் கை தேவைப்பட்டது? வேண்டாம் என்று அனுப்பிய அதே கைதான். இறுக்கமாக, வேகமாக, பிரியாமல் ஒரு சாக்கு வாயைத் தைப்பது பார்த்தவுடன் வந்துவிடும் வித்தை அல்ல. ஆலையில் வாங்கிய பயிற்சி அது. சம்பளத்துக்குத் தைத்தால் தொழில், கடலுக்காகத் தைத்தால் வெறும் நல்ல மனசு என்று பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நூல் எங்கள் வீட்டு நூல். கறுப்பு, சிவப்பு, பள்ளிச் சட்டைக்கு வைத்திருந்த நீலம், எல்லாம் கலந்து இருந்தது. ஆலை நூலாக இருந்தால் ஒரே நிறத்தில் இருந்திருக்கும். கண்காட்சியில் தொங்கும் மிதவையைப் போய்ப் பாருங்கள், எத்தனை நிறம் என்று.

பழைய ஆசிரியர்:
வந்தி கதையை இப்படித் திரிக்கக் கூடாது. இறைவன் பிட்டைக் கேட்டது கருணை. அதைத் தொழிற்சங்கப் பேச்சாக மாற்றுவது சைவர்கள் மனத்தைப் புண்படுத்தும்.

உப்பளத்துப் பேரன்:
எங்கள் பாட்டி தாமரின் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்புக் கூடையைத் தலையில் சுமந்தவர்கள் பெண்கள்தான். அவர் காலில் உப்பு அரித்த புண் கடைசிவரை ஆறவில்லை. அதனால் இந்தப் பேச்சு எனக்கு நெருக்கமானது.

நூலை விட்டுவிட்டு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவில் பெண்கள் பவளத்திட்டில் நடந்து, ஊரித் என்று நாம் சொல்கிற எண்கால் கணவாயைக் குத்திப் பிடிப்பார்கள். அது குறைந்துகொண்டே போனதால் 2012 இல் இரண்டு மாதம் பிடிக்கத் தடை போட்டார்கள். அந்த நாட்களில் பிடிப்பவர்களுக்கு மாற்று வேலை கொடுத்துச் சம்பளமும் கொடுத்தார்கள். கடலை ஓய்வெடுக்க விடுவதற்குக்கூடக் கூலி உண்டு என்று நம் நாடே அங்கே ஒப்புக்கொண்டது. கடல் சூடேறிப் பவளம் வெளுக்கிறது, கரையை அலை தின்கிறது. இனி வரும் ஆண்டுகளில் நமக்கு இருக்கும் பெரிய வேலையே இப்படிக் காக்கிற வேலைதான். அதை யார் செய்வது, யார் கொடுப்பது என்று இப்போதே பேச வேண்டாமா?

ரோஸ் ஹில் வேலவன்:
நூலை ஏன் விட வேண்டும்? நூலில்தான் பொய் இருக்கிறது. நிறம் கலந்திருந்தால் வீட்டு நூல் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஆலைகள் மீந்த நூலைத்தான் கொடுக்கும், மீந்த நூல் பல நிறத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று. தையல்காரி அம்மாவுக்குப் பெரியவர் மேல் கோபம் மிதவையால் வந்தது அல்ல. சங்க நிர்வாகக் குழுத் தேர்தலில் மகளிர் பிரிவுக்குத் தனி நிதி கேட்டுக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கே பெரியவர் வாயைத் திறந்தாலும் இவர் அங்கே நிற்கிறார்.

தையல்காரி (மாயேபூர்):
ஆமாம், நிதி கேட்டேன். இன்றும் கேட்கிறேன். கேட்டதில் என்ன வெட்கம்? மீந்த நூல் என்று இப்போது சொல்கிறீர்கள். முதலில் பெட்டி பெட்டியாக என்றீர்கள். பெட்டியில் ஒழுங்காக அடுக்கி வந்த நூல் எப்படி மீந்த நூலாக மாறியது?

துறைமுகத்தான்:
எல்லாரும் நூலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 1998 இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது இந்தச் சமூகம் ஒற்றுமையாக நின்றதால்தான் நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அன்று ஆண், பெண் என்று யாரும் பிரித்துப் பேசவில்லை. இன்று பெண்ணியம், பருவநிலை, கலை என்று பேசிப் பேசி நம்மை நாமே உடைத்துக்கொள்கிறோம்.

வண்ணக்கோல்:
ஒற்றுமை என்று சொல்லும்போதெல்லாம் பெண்கள்தான் வாயை மூட வேண்டியிருக்கிறது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். மீன் ஆலைகள் மூடின, பள்ளிகள் மூடின. நாடு உடையவில்லை. அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவை வைத்து 2018 இல் கணக்கிட்டது: ஒவ்வொரு நாளும் 1,640 கோடி மணி நேரம் கூலியில்லாத பராமரிப்பு வேலை நடக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெண்களுடையது.

துறைமுகத்தான்:
ஐஸ்லாந்து, நியூயார்க், ரொட்ரிக்ஸ். மொரீசியஸ் தமிழ்ப் பெண் ஒருத்தியைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தையல்காரி (மாயேபூர்):
அஞ்சலை கூப்பன். 1943 செப்டம்பர் 27. பெல் வியூ ஹாரெல் கரும்புத் தோட்டம். கரும்புத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் சுட்டதில் செத்தவர்களில் ஒருவர். விளையாட்டரங்குக்கு அவர் பெயரை வைத்தோம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மேடையில் என்ன சொல்கிறார்கள்? கர்ப்பிணித் தாய், கர்ப்பிணித் தாய். அவர் விழுந்தது கூலிக்காக நடந்த போராட்டத்தில் என்று ஒரு பேச்சாளராவது முதல் வரியில் சொல்லி நான் கேட்டதில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் பெண் தியாகி ஆகிவிடுகிறாள், கூலி கேட்டால் மட்டும் பேராசைக்காரி ஆகிவிடுகிறாள். எங்கள் மிதவைக்கும் இதுதான் நடக்கிறது.

பழைய ஆசிரியர்:
அஞ்சலை அம்மையாரின் தாய்மையைச் சொல்வது அவமதிப்பா? அந்தத் துப்பாக்கிச் சூட்டின் கொடுமையே அதில்தான் இருக்கிறது. இதை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். 1998 பற்றித் துறைமுகத்தான் சொன்னதும் முழுமை இல்லை. அந்த இடவரிசைக்காக நாங்கள் பட்ட பாடு இங்கே பலருக்குத் தெரியாது.

துறைமுகத்தான்:
முழுமை இல்லை என்றால் என்ன விட்டேன் என்று சொல்லுங்கள் ஐயா. அன்று நானும் இருந்தேன். நீங்கள்தான் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தீர்கள்.

பழைய ஆசிரியர்:
கடைசி நேரமா? கையெழுத்து மனுவின் முதல் வரைவை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

உப்பளத்துப் பேரன்:
கடலில் ஆரம்பித்து ரூபாய் நோட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த கப்பல் ஏறினால் யார் தைப்பது என்று யாராவது பேசுங்கள்.

ரோஸ் ஹில் வேலவன்:
யார் வேண்டுமானாலும் தைக்கலாம், நூல் ஆலையிலிருந்து வரும். காவடித் திருவிழாவில் ஏழு கறியை அண்டா அண்டாவாகச் சமைப்பவர்கள் ஆண்கள்தான். நாங்கள் அதற்குப் பலகை கேட்டோமா? கண்காட்சி கேட்டோமா?

தையல்காரி (மாயேபூர்):
சமைப்பவர்கள் ஆண்கள்தான், ஒப்புக்கொள்ள எனக்கென்ன தடை? கிண்டி இறக்கியதும் கரண்டியோடு புகைப்படத்துக்கு நிற்கிறீர்கள். முந்தின இரவு பூசணி நறுக்கியது யார், தேங்காய் துருவியது யார், கூட்டம் போன பிறகு அடிப்பிடித்த அண்டாவை மணல் போட்டுத் தேய்த்தது யார்? வரும் தைப்பூசத்துக்கு அண்டா கழுவ வருகிறவர்கள் பட்டியலை இங்கேயே போடுங்கள் வேலவன். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

ரோஸ் ஹில் வேலவன்:
கோயில் காரியத்தைப் பொது இடத்தில் பேச மாட்டேன். குழுவில் வந்து கேளுங்கள்.

தையல்காரி (மாயேபூர்):
குழுவில் கேட்டதற்குத்தான் தேர்தல் கோபம் என்று இங்கே எழுதினீர்கள். பட்டியலைப் போடுங்கள்.