நாலடி நன்னீர்த் தொட்டியைப் பவளத் தொட்டியாக்குவது: புதுவை, கடலூர்க்காரர்கள் கண்டது (பேசுகிறவர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

லாஸ்பேட்டை:
நாலடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். இப்போது ஏஞ்சல், டெட்ரா மீன்கள் ஓடுகிற தொட்டி. இதையே உப்புத் தண்ணீருக்கு மாற்றினால் எது மிஞ்சும், எதைக் கழிக்கணும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர்:
கண்ணாடி மிஞ்சும். மற்றதெல்லாம் சந்தேகம்தான். கூழாங்கல், மரக்கட்டை, செடி மண் எல்லாம் வெளியே. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டி என்றால் பழைய கல், ஃபில்டர் பஞ்சு எதையும் வைக்காதீர்கள். கல் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். மீன் தாங்கிக்கொள்ளும், முதலில் சாவது இறாலும் நத்தையும்தான்.

சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யக் கீழே வைக்கிற துணைத் தொட்டி) வைக்கத் துளை போடணும் என்றால் அது டஃபண்டு கண்ணாடியா, அதாவது சூட்டில் கடினமாக்கியதா, என்று முதலில் பாருங்கள். டஃபண்டில் டிரில் வைத்தால் தொட்டி முழுக்கத் தூளாகிவிடும். துளை போட முடியாவிட்டால் பின்னால் தொங்குகிற ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கிற கருவி) போதும். இரும்பு ஸ்டாண்டுக்கு எபாக்சி பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் சும்மாவே துரு பிடிக்கும், மேலே உப்பு வேறு தெறிக்கப் போகிறது. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறணும். அப்போதுதான் ஒயர் வழியாக வழிகிற உப்புத் தண்ணீர் வளைவிலேயே சொட்டும், பிளக்குக்குள் போகாது.

முதலியார்பேட்டை:
அந்த அளவுக்கு உள்ளளவு 255 லிட்டர். கல், மணல், மேல் இடைவெளி போக 220 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். லிட்டருக்கு சுமார் 36 கிராம் ரீஃப் உப்பு (பவளத் தொட்டிக்கென்று விற்கிற கலவை உப்பு) என்றால் முதல் நிரப்புக்கு 8 கிலோ. அடர்த்தி எண் 1.025 முதல் 1.026, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு. ஊசி ஆடுகிற பிளாஸ்டிக் மானி வேண்டாம், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கிற கருவி) வாங்கி, 35 என்று குறித்த கரைசலை வைத்துச் சரிபார்க்கணும்.

வீட்டு ஆர்ஓ தண்ணீரை அப்படியே நம்பாதீர்கள். குடிப்பதற்கு ருசி வேண்டுமென்று பல மாடல்களில் கொஞ்சம் போர் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுவார்கள். அதனால் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) 50, 80 என்று காட்டும். அந்த வால்வை முழுக்க மூடி, பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டினால் பூஜ்யத்துக்கு வரும். இதை விட்டவர்கள்தான் மணலெல்லாம் பழுப்புப் பாசி என்று புலம்புவார்கள். தண்ணீரோடு வருகிற சிலிக்கேட்தான் அதற்குத் தீனி.

தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடர்த்தி ஓரிடத்தில் எகிறி, கால்சியம் வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும்.

லாஸ்பேட்டை:
கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு சார்? மரக்காணத்தில் கல்லுப்பு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே?

கடலூர் முதுநகர்:
உப்பளத்து உப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு மட்டும். மெக்னீசியம் பெரும்பாலும் அடியில் நிற்கிற கசப்பு நீரோடு போய்விடும், கால்சியம் அதற்கு முன்னாலேயே ஜிப்சமாக இறங்கிவிடும். பவளத்துக்கு இரண்டும் வேண்டும். கரையோரக் கடல் தண்ணீரும் சரிப்படாது. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கலக்கிறது, அதற்கு வடக்கே தென்பெண்ணை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உவர்ப்பு இறங்கிவிடும், ஊர்க்கழிவும் கூடவே வரும். தெரிந்த போட்டுக்காரர் வெயில் காலத்தில் நடுக்கடலிலிருந்து கேனில் கொண்டுவந்தால் வேறு கதை. கடற்கரை மணலும் வேண்டாம், அது சிலிக்காவும் கறுப்பு இரும்புத் தாதும். அரகோனைட் மணல் (சுண்ணாம்பு மணல்) 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 முதல் 25 கிலோ பிடிக்கும்.

பரங்கிப்பேட்டை:
கல் விஷயத்தில் கவனம். பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள், செத்த பவளத்துண்டானாலும் வழக்குதான். உலர்ந்த செயற்கைப் பாறை 15 கிலோ போதும். மீனையும் கடலில் பிடிக்க வேண்டியதே இல்லை. இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறது. தொட்டியில் பிறந்தது தீனியைச் சட்டென்று எடுக்கும்.

மீன் கழிவில் வருகிற அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா உலர்ந்த பாறையில் இருக்காது, பழைய ஃபில்டரில் இருந்ததும் உப்பில் பெரும்பாலும் செத்துவிடும். அதை வளர்க்கத் தீனியாக அம்மோனியம் குளோரைடு 1.4 கிராம் போட்டால் 220 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏறும். லேப் கெமிக்கல் கடையில் வாங்குங்கள், நாட்டு மருந்துக் கடை நவச்சாரம் தூய்மையாக இருக்காது. இப்படிப் போட்ட அம்மோனியாவும், அது சிதைந்து வருகிற நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமாகிற வரைக்கும் மீன் விடக் கூடாது. இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நன்னீரில் கொஞ்சம் அம்மோனியாவை மீன் சமாளித்திருக்கும். பிஎச் 7ல் இருப்பதைவிட உப்புத் தண்ணீரின் 8.2ல் அதன் விஷப்பகுதி பத்து மடங்குக்கு மேல், அதனால் பழைய தைரியம் செல்லாது.

வில்லியனூர்:
எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் தொட்டியைக் கொல்வது மே மாதம். 25 முதல் 27 டிகிரி வேண்டிய இடத்தில் அறையே 33 இருக்கும். 30ஐத் தாண்டி நாலைந்து நாள் நின்றால் பவளம் தன் உள்ளே வாழும் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும். தண்ணீர்மேல் ஃபேன் வைத்தால் குறையும்: ஒரு லிட்டர் ஆவியானால் 220 லிட்டரிலிருந்து இரண்டரை டிகிரிக்கான சூடு போகும். ஆனால் காற்றே ஈரமாக இருக்கிற ஊர், ஆவியாவது மந்தம். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேல் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற கருவி)தான்.

ஆவியான இடத்தை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்பணும், உப்புத் தண்ணீரால் அல்ல. உப்பு ஆவியாகாது.

முதலியார்பேட்டை:
அதோடு கரண்ட்டும். 2011 ‘தானே’ புயல், 2024 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டையும் பார்த்த ஊர் இது. 12 வோல்ட் வேவ்மேக்கர் (தண்ணீரை அலையாக அசைக்கிற மோட்டார்) 10 வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் பாதிச் சார்ஜிலேயே மூன்று நாளைத் தாண்டும். லைட்டும் ஸ்கிம்மரும் நிற்கட்டும், தண்ணீர் மட்டும் அசையணும்.

கடலூர் முதுநகர்:
முதல் பவளமாக ஜோயான்தஸ், மஷ்ரூம், லெதர் என்கிற மென்மையான வகைகள் போதும். இவற்றுக்கு ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை, அதை அளக்கிற அலகு டிகேஎச்) 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம். ஒரு டிகேஎச் ஏற்ற உங்கள் தொட்டிக்கு ஆறரை கிராம் ஆப்ப சோடா, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் ஊற்றுங்கள். ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

லாஸ்பேட்டை:
பழைய மீனில் எதையாவது மாற்ற முடியுமா?

வில்லியனூர்:
கறுப்பு மாலி மட்டும் தாங்கும். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏழெட்டு மணி நேரம் விடுங்கள். ஏஞ்சலையும் டெட்ராவையும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.