கலைச்சொல்: அமுர்கா – ‘எண்ணெய்க் கசடு’ பொருந்துமா?

ரோமானிய எழுத்தாளர் கேட்டோவின் வேளாண் நூலில் (கி.மு. 160 வாக்கில்) அடிக்கடி வரும் லத்தீன் சொல் அமுர்கா. ஒலிவக்காயைப் பிழிகையில் எண்ணெயோடு வரும் கழிவு. தமிழில் ‘எண்ணெய்க் கசடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

---

> எண்ணெய்க் கசடு

ஒத்துவராது ஐயா. கசடும் மண்டியும் அடியில் தங்குபவை. அவற்றுக்கு லத்தீனில் ‘ஃபிராகேஸ்’ என்று தனிச்சொல் உண்டு. அமுர்கா, ஃபிராகேஸ் இரண்டிலும் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு எண்ணெய் கெடும் என்கிறார் கேட்டோ. அமுர்கா என்பது காயின் சதையிலுள்ள நீர்: கருத்தது, கசப்பானது. தொட்டியில் தெளியவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்; அதை அகப்பையால் மொண்டு அடுத்த தொட்டியில் விடுவார்கள். நாம் எண்ணெய் ஆட்டும் எள்ளோ உலர்ந்த வித்து. செக்கில் பிண்ணாக்கு மிஞ்சுமே தவிர இப்படி நீர் பிரியாது. நம்மிடம் ஆயத்தச் சொல் இல்லாததற்கு அதுவே காரணம்.

கேட்டோ கதிரடிக்கும் களம் அமைக்கச் சொல்லும் பகுதியில் வைத்துப் பாருங்கள்: மண்ணைக் கொத்தி, அமுர்கா தெளித்து, குடிக்குமட்டும் ஊறவிட்டு, கட்டி உடைத்து, உருளையாலோ திமிசாலோ சமப்படுத்த வேண்டும். எறும்பு அண்டாது, மழையில் சேறாகாது. கசட்டை எப்படித் தெளிப்பது?

---

அப்படியானால் ‘ஒலிவக் கழிவுநீர்’?

---

> ஒலிவக் கழிவுநீர்

இன்றைய ஆலைக்குச் சரி. கேட்டோவின் பண்ணையிலோ இது சேமித்து வைக்கும் சரக்கு. பதரோடு மண்ணில் குழைத்துக் களஞ்சியச் சுவரில் தடிப்பாகப் பூசினால் வண்டும் எலியும் வராது. பாதியாகச் சுண்டக் காய்ச்சி, துணிப்பெட்டியின் அடியிலும் காலிலும் மூலையிலும் தடவி உலரவிட்டால் அந்துப்பூச்சி வராது. ‘கழிவுநீர்’ என்றால் வாசகருக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். (‘காடி’யும் வேண்டாம், அதே நூலில் புளித்த திராட்சைக் காடி வருகிறது.)

என் முன்மொழிவு: ஒலிவக் கைப்புநீர். ஒன்று கவனிக்க: வயலில் மிகுதியாகப் பாய்ந்தால் நிலம் கறுத்து மலடாகும் என்கிறார் வர்ரோ என்னும் மற்றொரு ரோமானிய வேளாண் நூலாசிரியர். ஆகவே ‘சாறு’, ‘ஊட்டம்’ என்று ஒலிக்கும் எதுவும் கூடாது.

---

கைப்புநீர் நன்று. ஒரே சிக்கல், திராட்சைக் கொடியின் புழுவுக்கான மருந்து. 2 காங்கியஸ் (ஏறத்தாழ 6.5 லிட்டர்) அமுர்காவைச் செப்புப் பாத்திரத்தில் இளந்தீயில் தேன் பதம் வரக் காய்ச்சி, பொடித்த நிலக்கீலும் கந்தகமும் தூவி மறுபடி கொதிக்கவைக்கிறார்கள், கூரைக்கடியில் செய்தால் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில். தேன் பதத்தில் இருப்பதை நீர் என்பதா?

---

அந்த இடத்தில் மட்டும் ‘கைப்புப் பாகு’ என்று எழுதிவிடலாம். மற்ற இடங்களில் கைப்புநீர்.